இன்று இரவு எங்கே தூங்குவாய்? வீட்டைவிட்டு வந்த பிள்ளைகளோடு நமக்கு நேர்ந்தவை

சுவர்க்கோழி:

வீட்டைவிட்டு வெளியேறும் பால்புதுமைப் பிள்ளைகளிடமிருந்து (தன்பாலீர்ப்புள்ளவர்கள், திருநர்கள் போன்றோர்) இரவு பதினொரு மணிக்கு மேல் வரும் அழைப்புகளில் பெயரைக்கூட நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன். முதல் கேள்வி, "இன்று இரவு எங்கே தூங்குவாய்?" அதற்குப் பதில் இல்லாத பிள்ளையிடம் சட்டம், உரிமை, பெருமிதம் என்று எதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

சென்ற ஆண்டு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். வயது 19, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தோழிக்கு அவள் எழுதியவற்றைத் தம்பி படித்துவிட்டு அப்பாவிடம் காட்டிவிட்டான். பெல்ட் அடி, கைபேசி பறிமுதல், மூன்றே வாரத்தில் ஒரு மாப்பிள்ளை. கிளாம்பாக்கத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது அவள் கையில் பழைய பள்ளிக்கூடப் பை ஒன்று. உள்ளே ஒரு மாற்றுடை, ஆதார் அட்டை, கைபேசி இல்லாமலே ஒரு சார்ஜர். அந்த சார்ஜரை ஏன் எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மதிப்பெண் சான்றிதழ்கள் அப்பாவின் பீரோவில். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை அற்ப விஷயமாக நினைப்பார்கள். பிள்ளையைக் கட்டி வைத்திருக்கும் கயிறே அதுதான். சான்றிதழ் இல்லாமல் வேறு கல்லூரியில் சேர முடியாது, சொல்லிக்கொள்ளும்படி வேலையும் கிடைக்காது. ஒரு மாதப் பசி திரும்ப வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். நகல் வாங்கலாம் என்றால், தொலைந்துவிட்டது, தேடியும் கிடைக்கவில்லை என்று காவல் நிலையத்தில் சான்று பெற வேண்டும். தொலையவே இல்லையே! பீரோ சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்றுகூட அவளுக்குத் தெரியும்.

நான்கு வீடுகளில் பதினோரு இரவுகள் தங்க வைத்தோம். மகளிர் விடுதிகளில் கேட்டால், பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மற்றவர்களும் எழுதுங்கள். அவள் கதையை முடிக்கப் பிறகு வருகிறேன்.

மூன்றாம்படி:

வெளியே வருவது பாதிதான். மறுநாள் காலையிலேயே "காணவில்லை" என்று புகார் போய்விடும். தெருவைவிட, அதன் பிறகு வரும் போலீஸ் ஜீப்பைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். அடித்த கையிலேயே பிள்ளையைக் கொண்டுபோய் ஒப்படைக்கும் ஜீப் அது.

2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவின் பிரதி எப்போதும் என் பையில் இருக்கும். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரண்டு பெண்களின் வழக்கு. காணாமல்போனதாகத் தேடப்படுகிறவர்கள் வயது வந்த பால்புதுமையர், விருப்பப்பட்டே சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும் என்கிறது அது. தமக்கே இந்த விஷயத்தில் போதிய தெளிவு இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட நீதிபதி அவர். எனக்கு அந்த உத்தரவு பிடித்துப்போனதே அதனால்தான்.

ஒரு காவல் நிலையத்தில் அதை நீட்டினேன். ஆய்வாளர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பெற்றவர்கள் வாசலில் அழுகிறார்கள், நீங்கள் காகிதம் காட்டுகிறீர்களே அம்மா." உடன் வந்த வழக்கறிஞர் குரலை உயர்த்தாமல், 2022-இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் சேர்த்த 24-சி பிரிவை நினைவுபடுத்தினார். பால்புதுமையரைக் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்ற விதி. கண்ணாடி மறுபடியும் ஏறிவிட்டது. நீதிமன்ற உத்தரவு எங்களைப் பற்றியது, அந்த விதி அவருடைய வேலையைப் பற்றியது!

வாக்குமூலம் முடிய ஆறு மணி நேரம். பின்வாசல் வழியாக வெளியேறினோம். அந்தத் தாய் உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார். அதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

உப்புக்காற்று:

நான் அழைப்பை எடுத்தவன் அல்லன், அழைத்தவன். முதல் முறை ஓடியபோது மூன்றாம் நாளே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு மருத்துவர், இது சரியாகிவிடும் என்று மாமாவிடம் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாள் முழுக்கத் தூக்கம், எழுந்தால் வாய் உலர்ந்து கிடக்கும். இப்படி "மாற்றுகிற" சிகிச்சை மருத்துவத் தொழிலுக்கே இழுக்கான நடத்தை என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது 2022-இல். எனக்கு நடந்தது 2017.

இரண்டாம் முறை ஓடி, இரண்டரை மாதம் ரயில் நிலையங்களில் தூங்கினேன். டிக்கெட் கையில் இருந்தால் எழுப்ப மாட்டார்கள். இருப்பதிலேயே குறைந்த கட்டணத்தில் ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் தெரியும்படி வைத்துக்கொள்வேன். அங்கே என்னை அடித்தவர்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்று முடியவில்லை.

பழைய குடை:

தோழர்களே, நீங்கள் வீடு வீடாக இடம் தேடுவதைப் படித்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது. திருநங்கைகள் நாங்கள் இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை கண்டுபிடித்துவிட்டோம்: மூத்தவர் இளையவரை மகளாக ஏற்றுச் சேர்ந்து வாழ்வது. அதற்கு ஜமாத் என்று பெயரும் வைத்துவிட்டோம். என்னை மகளாக ஏற்றுக்கொண்ட அம்மா முதல் நாள் ஒரு தட்டும் ஒரு பாயும் கொடுத்தார், கேள்வி எதுவும் கேட்கவில்லை. திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழியன்று, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் ஓர் ஆட்கொணர்வு வழக்கில் சொன்னது 2025 மே மாதத்தில். என் அம்மா அதை 1998-லேயே சொல்லிவிட்டார்!

ஆனால் பொன்முலாம் பூச மாட்டேன். சோறு போட்டவர் கடை கேட்க, அதாவது கடை கடையாக ஏறிக் காசு கேட்க, போ என்றால் போக வேண்டும். கணக்கு உண்டு, அபராதம் உண்டு, கோபித்துக்கொண்டு கிளம்பினால் போக இடம் கிடையாது. பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிப் பிள்ளைகளுக்கோ இந்த அளவுகூட இல்லை. ஒன்றிய அரசின் கரிமா கிரே காப்பகங்கள் திருநர்களுக்கு மட்டும். தன்பாலீர்ப்புள்ள பையனோ பெண்ணோ அங்கே போய் நிற்க முடியாது. பொதுவான இரவுக் காப்பகங்கள் ஆண், பெண் என்று பிரித்தவை. மீசை முளைத்து, அட்டையில் "பெண்" என்று இருக்கிற பிள்ளை எந்தக் கதவைத் தட்டும்?

மூன்றாம்படி:

பழைய குடை அக்கா சொன்னதற்கு மேல் ஒன்று. 18 நிரம்பாத பிள்ளை வந்தால் எங்கள் கை கட்டப்பட்டுவிடுகிறது. வீட்டில் வைத்துக்கொண்டால் ஆட்கடத்தல் வழக்கு பாயும். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். 16 வயதுப் பையன் ஒருவன், முதுகில் கரண்டிச் சூடு. எல்லாவற்றையும் முறைப்படி செய்தோம். பெற்றோருக்கு அறிவுரை சொல்லி, அவர்களுடனேயே அனுப்பிவைத்தார்கள். வண்டியில் ஏறும்போது அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் எண்ணை இன்றும் மாதம் ஒருமுறை அழைக்கிறேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகவே சொல்கிறது.

சுவர்க்கோழி:

அந்தப் பெண்ணின் கதையை முடித்துவிடுகிறேன். இப்போது மூன்று பேரோடு சேர்ந்து வாடகைக்கு இருக்கிறாள், ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். சான்றிதழுக்காக வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பத் தயாராக இருந்தபோது என் அலுவலக முகவரிக்குக் கூரியர் வந்தது. முகவரியை அவள்தான் எப்போதோ வீட்டில் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். உறைக்குள் இரண்டு மதிப்பெண் பட்டியல்களும் மாற்றுச் சான்றிதழும் இருந்தன. கடிதம் இல்லை. அனுப்புநர் இடத்தில் வெறும் ஊர்ப் பெயர். மேலே எழுதியிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி எழுத்து. அவனுக்கு 'ழ' ஒழுங்காக எழுத வராது" என்றாள்.