சிவப்பழகு ஆசை: விளம்பரம் விதைத்ததா, வீட்டிலேயே இருந்ததா?

வைகைக்கரை:
1975இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற சிவப்பழகு கிரீம் வந்த பிறகுதான் நம் பெண்கள் தங்கள் நிறத்தை எண்ணி வருந்தத் தொடங்கினார்கள் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் "பெண் சிவப்பா?" என்று கேட்டதும், கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ கலந்த பால் கொடுத்ததும் தொலைக்காட்சி நம் கூடத்துக்கு வருமுன்பே இருந்த வழக்கங்கள். இருந்த ஆசைக்கு நிறுவனம் சரக்கு கொடுத்தது, அவ்வளவுதான்.

தென்றல்:
குங்குமப்பூவை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே வீடுகளில்தான் 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்றும் சொன்னார்கள். கல்யாணப் பேச்சில் எழுந்த நிறக் கேள்வியை வேலைக்கும் தன்மானத்துக்கும் இழுத்து வந்தது விளம்பரம். மகன் இல்லையே என்று தந்தை ஏங்க, மகள் கிரீம் பூசிச் சிவந்து விமானப் பணிப்பெண்ணாகும் விளம்பரம், அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் எதிர்த்த பிறகு 2003இல்தான் நிறுத்தப்பட்டது. அதைவிடக் கொடியதாக நான் கருதுவது, கறுப்பிலிருந்து வெளுப்பு வரை முகங்களை வரிசையாக அச்சிட்ட நிற அட்டையை. 'மாநிறம்' என்ற ஒரு சொல்லோடு நிம்மதியாக இருந்த பெண்ணுக்கு, இன்னும் ஏற வேண்டிய படிகளை எண்ணிக் காட்டியது அதுதான். பதினைந்து வயதில், ஒரு கிரீம் பெட்டியில் வந்த அப்படியோர் அட்டையை நான் வாரந்தோறும் கன்னத்தோடு ஒட்டிப் பார்த்திருக்கிறேன்.

வைகைக்கரை:
அந்த அட்டையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அதை நான் யோசித்ததில்லை. ஆயினும், கறுத்தவர்களைத் தோற்றவர்களாகக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014இல் நெறி வகுத்தது. 2020இல் கிரீமின் பெயரே 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. அதனால் பெண் பார்க்க வருபவர்களின் கேள்வி மாறிவிட்டதா? மாறவில்லையென்றால், குற்றத்தின் வேர் குடும்பத்தில்தான் இருக்கிறது.

தென்றல்:
பெயர் மாறியதால் ஏணி போய்விடவில்லை. சிவப்புக்காவது ஓர் எல்லை இருந்தது. 'பொலிவு' எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. என் மகளின் கைப்பேசி கேட்காமலே அவள் நிறத்தைக் கூட்டி, முகத்தை வழவழப்பாக்கிக் காட்டுகிறது. அந்த வசதியை அணைத்துவிட்டு நான் எடுத்த படங்களை அவளே அழித்துவிடுகிறாள். எங்கள் வீட்டில் ஒருவரும் அவளிடம் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.