ஆன்சாக் பிஸ்கட் சுட்டபோது உங்களுக்கு நடந்தது என்ன?

ஏலக்காய் (மெல்பர்ன்)
ஏப்ரல் 24 ராத்திரி. மறுநாள் ஆன்சாக் தினம், போரில் இறந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து படைவீரர்களை நினைக்கும் நாள்; அதற்குச் சுடும் ஓட்ஸ் பிஸ்கட்தான் ஆன்சாக் பிஸ்கட். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது, கை நடுங்குகிறது. இந்த வருஷம் நான் சுட்டுத் தருகிறேன் என்று போனேன். வெண்ணெயும் கோல்டன் சிரப் என்ற கரும்புப்பாகும் உருகி நின்றன. கொதிநீரில் கரைத்த சமையல் சோடாவை ஊற்றியதும் பொன்னிறமாக நுரைத்துப் பாத்திரத்தின் விளிம்பு வரை ஏறியது. பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து, "இப்பவே கொட்டு, அடங்கிவிடக் கூடாது" என்றார். ஓட்ஸில் கொட்டினேன். அவர் நாற்காலிக்குத் திரும்பின நேரம், கைப்பழக்கத்தில் இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டுவிட்டேன்.

ஆறியதும் ஒன்றைக் கடித்தார். மீதியைத் தட்டில் வைத்தார். சுவரில் அவருடைய பெரியப்பா படம்; 1915இல், முதல் உலகப் போரில், துருக்கியின் கலிப்போலிப் போர்முனைக்குப் போனவர், திரும்பவில்லை. அதையே பார்த்துக்கொண்டு "நன்றாக இருக்கிறது" என்றார். அந்தப் பாதி பிஸ்கட் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

பழைய கான்பராக்காரன்
இதற்கா இவ்வளவு வருத்தம்? ஏலக்காய் செய்முறையில் இல்லைதான். ஆனால் இன்று எல்லோரும் போடும் தேங்காயே முதலில் கிடையாது, பிற்பாடு சேர்ந்ததுதான். கலிப்போலியில் சிப்பாய்கள் தின்றதும் இது இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது மாவும் தண்ணீரும் உப்பும் சேர்த்துச் சுட்ட கல் மாதிரி ரொட்டி. பல் உடையும். துருவித் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தார்கள். ஓட்ஸ் பிஸ்கட் பெரும்பாலும் ஊரில் போர் நிதி திரட்ட விற்றது. கான்பரா போர் நினைவகத்தில் அந்தக் கல் ரொட்டி ஒன்றைப் பார்த்தேன். அதன் மேலேயே மையால் வீட்டுக்குக் கடிதம் எழுதியிருந்தது. தின்ன முடியாததை அஞ்சலில் போட்டிருக்கிறான். அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

கஃபே பெண்
அண்ணா, சரித்திரம் நீங்கள் சொல்வதுதான். ஆனால் வருத்தம் சரித்திரத்தைக் கேட்டு வருவதில்லையே. நான் வேலை பார்த்த கடையில் பலகையில் 'ஆன்சாக் குக்கீஸ்' என்று எழுதிவைத்தேன். ஆன்சாக் தின விடியற்காலை அஞ்சலி முடிந்து ஒரு பெரியவர் வந்தார். பதக்கங்கள் வலது மார்பில். அப்படியென்றால் அவருடையது இல்லை, குடும்பத்தில் யாரோ ஒருவருடையது. காபி கேட்கவில்லை. ஈரத்துணி கேட்டார். 'குக்கீஸ்' என்ற சொல்லை மட்டும் தானே துடைத்துவிட்டு, "பிஸ்கட், மகளே" என்றார். குரலில் கோபமே இல்லை. 'ஆன்சாக்' என்ற பெயருக்கு 1921இலிருந்தே சட்டப் பாதுகாப்பு உண்டு, செய்முறையை மாற்றினால் அந்தப் பெயர் வைக்கக் கூடாது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. ஏலக்காய் போட்டது தப்பென்று சொல்லவில்லை. பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஓவன் சித்தப்பா
நான் முதல் தடவை சுட்டது தட்டு முழுக்கப் பரவி ஒரே அடையாகிவிட்டது. கதை அவ்வளவுதான். இனி சுடப்போகிறவர்களுக்குச் சில விஷயம். கோல்டன் சிரப்புக்குப் பதில் தேன் ஊற்றாதீர்கள், அந்தக் கருகின கரும்புப்பாகு வாசனை வராது. முட்டை இல்லாததால்தான் இது நாள்பட நிற்கிறது, அதனால் முட்டை சேர்க்கவே வேண்டாம். உடனடி ஓட்ஸ் கூழாகிவிடும், தட்டையான முழு ஓட்ஸ் வாங்குங்கள். உருண்டைகளுக்கு நடுவே மூன்று விரல் இடம் விடுங்கள். 160 டிகிரி போதும். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், வேகவில்லை என்று திரும்ப உள்ளே வைக்காதீர்கள், தட்டிலேயே ஐந்து நிமிஷம் விட்டால் இறுகும். முக்கியமாகத் தேங்காய்: கடையில் விற்கும் உலர்ந்த துருவல்தான். பச்சைத் தேங்காயில் ஈரம் இருக்கும், பிஸ்கட் மொறுமொறுக்காது.

ஏலக்காய் (மெல்பர்ன்)
சித்தப்பா, நான் ஃப்ரீசரில் இருந்த பச்சைத் துருவலைத்தான் போட்டேன். பாட்டி கடித்தபோது சத்தமே வரவில்லை. இப்போதுதான் ஞாபகம் வருகிறது.