கையில் ஆய்வேடு ஒன்றுதான்: உளவியல் பிஎச்டிக்குப் போடலாமா?

கொட்டாஞ்சேனை:
அக்காமார், அண்ணாமார், உளவியல் சிறப்புப் பட்டம் முடிகிறது. இறுதி வருட ஆய்வேடு மட்டும்தான் இருக்கு, பிரசுரம் இல்லை. அமெரிக்காவில் கிளினிக்கல் (சிகிச்சைசார் உளவியல்) பிஎச்டிக்கு இந்த டிசெம்பரில் போடலாமா?

வெள்ளவத்தை:
போடலாம் தங்கச்சி. பிரசுரம் இல்லாதது பெரிய குறை இல்லை. அந்த ஒரு ஆய்வில் உங்கள் கை எங்கே பட்டது என்று தெரியாமல் எழுதுவதுதான் குறை. சிவியில் ‘தரவு சேகரிப்பில் உதவினேன்’ என்றால் வாசிப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. எத்தனை பேரைக் கண்டீர்கள், எந்த மொழியில் கேட்டீர்கள், தரவைச் சரிபார்த்தது யார், பகுப்பாய்வை எந்தப் புள்ளியியல் மென்பொருளில், ஆரிலா (R) ஜமோவியிலா செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

வினாக்கொத்தைத் தமிழாக்கியிருந்தால் அதற்கு ஒரு முழுப் பந்தி கொடுங்கள். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வி வினாக்கொத்தான பிஎச்க்யூ-9ஐ எடுங்கள். 2ஆம் கேள்வி மனநிலை பற்றியது, 4ஆம் கேள்வி உடற்களைப்பு. 2இல் ‘சோர்வு’ என்று போட்டால் நம் ஆட்கள் உடம்பு அலுப்பென்றே எடுப்பார்கள். இரண்டு கேள்வியும் ஒன்றையே கேட்டது போலாகிவிடும். மூலத்தைப் பார்க்காத ஒருவர் திரும்ப ஆங்கிலமாக்கும்போது இது வெளியே வரும். எந்தச் சொல்லை ஏன் மாற்றினீர்கள் என்று எழுதினாலே, அளவீடு விளங்கிய ஆள் என்று பேராசிரியருக்குத் தெரியும்.

தெகிவளை:
ஆய்வேட்டைக் கட்டுரையாக்க நினைத்தால் முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் இருக்கா என்று பாருங்கள். தரவு எடுத்த பிறகு போய்க் கேட்டால் குழுக்கள் பொதுவாகத் தருவதில்லை, அது இல்லாமல் சஞ்சிகைகளும் எடுக்காது. நல்ல தரவெல்லாம் இப்படித்தான் அலுமாரிக்குள் கிடந்து வீணாகிறது, மனசு வலிக்கும். கடிதம் இல்லையென்றால் முறைசார் மீளாய்வு (ஒரு கேள்வி பற்றி ஏற்கெனவே வந்த கட்டுரைகளைத் தேடித் தொகுப்பது) ஒன்றில் சேருங்கள். கட்டுரைச் சுருக்கங்களை இருவர் தனித்தனியே வடிகட்ட வேண்டும், அதனால் ஆள் தேவைப்படும். அந்த வடிகட்டலை ராயான் (Rayyan) என்ற இணையத்தளத்தில் இலவசமாகச் செய்யலாம்.

மேற்பார்வையாளரைத் தேட, இலங்கைத் தரவு வந்த கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையைப் பாருங்கள். கொழும்பு மாவட்டத்து இரட்டையர் ஆய்வு லண்டன் கிங்ஸ் கல்லூரியோடு சேர்ந்து நடந்தது. அப்படிப்பட்ட கட்டுரைகளில் நம் ஊரை அறிந்த பேராசிரியர்கள் கிடைப்பார்கள். ஓகஸ்ட், செப்டெம்பரில் எழுதுங்கள்: உங்கள் கேள்வி இரண்டு வரி, அவர் கட்டுரையோடு அது தொடும் இடம் ஒரு வரி, அடுத்த வருடம் மாணவர் எடுக்கிறாரா என்பது ஒரு வரி. அவர் எடுக்காத வருடத்தில் போட்டால் கட்டணம்தான் போகும்.

பிரித்தானிய கிளினிக்கல் டொக்டரேட் வேறு கதை. அங்கே பிரித்தானிய உளவியல் சங்கத்தின் ஜிபிசி தகுதி (உங்கள் பட்டத்தைச் சங்கம் ஏற்றதற்கான அங்கீகாரம்) கேட்பார்கள், நம் பட்டத்துக்கு அது தானாக வராது.

வெள்ளவத்தை:
பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் மூன்று. விரிவுரையாளரிடம் ஆறு வாரம் முன்னரே கேளுங்கள். நீங்கள் செய்த வேலையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ‘ஒழுங்கான மாணவி’ என்ற மட்டில் கடிதம் நின்றுவிடும். அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சலையே கொடுங்கள், ஜிமெயிலைச் சில இடங்கள் ஏற்காது.

பல இடங்களில் முடிவுத் திகதி டிசெம்பர் 1. நியூயோர்க் நேரம் இரவு 11.59 என்றால் நமக்கு 2ஆம் திகதி காலை 10.29. அங்கே காலை 9க்கு நேர்முகம் என்றால் ஜனவரியில் இங்கே இரவு 7.30.