ஸ்பானிஷ்ல அரசாங்க வார்த்தைங்க மண்டையில ஏற மாட்டேங்குது, ஹெல்ப் ப்ளீஸ்

குழப்பராஜா:
மூணு மாசமா ஸ்பானிஷ் படிக்கிறேன், சாப்பாடு, கலர், குடும்பம் வரைக்கும் ஓகே, இப்ப அரசாங்கம் பத்தின பாடத்துல மாட்டிக்கிட்டேன். ஸ்பெயின்ல ராஜா இருக்காரு, ஆனா புக்ல 'பிரெசிதென்தெ'ன்னு போட்டிருக்கு, ராஜா இருக்கிற நாட்டுல ஜனாதிபதி எங்கருந்து வந்தாரு? மேயருக்கு ஒரு இடத்துல 'அல்கால்தெ', இன்னொரு இடத்துல 'இன்தென்தென்தெ'. எதைத்தான் மனப்பாடம் பண்றது?

மாட்ரிட்_மாப்ள:
அது ஜனாதிபதி இல்ல ப்ரோ. முழுசா 'பிரெசிதென்தெ தெல் கொபியெர்னோ', நம்ம கணக்குல பிரதமர். 1978 அரசியல் சாசனப்படி நாட்டுத் தலைவர் ராஜாதான், இந்த பிரதமரை 350 பேர் இருக்கிற 'கொங்ரேசோ' ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கும் (கட்சின்னு நினைச்சுடாத, அது கீழ்சபை). மெக்சிகோ, அர்ஜென்டினால பிரெசிதென்தென்னா நிஜமாவே ஜனாதிபதி. மேயர் கதையும் அதேதான், ஸ்பெயின்ல அல்கால்தெ, அர்ஜென்டினால இன்தென்தென்தெ, மெக்சிகோல பெரும்பாலும் 'பிரெசிதென்தெ முனிசிபல்'. மெக்சிகோல மத்திய மந்திரிக்கே 'செக்ரெதாரியோ'ன்னுதான் பேரு, போதுமா? முதல்ல ஒரு நாட்டை பிடிச்சுக்கோ, மத்ததெல்லாம் அப்புறம்.

கீழக்கரை_பாய்:
அல்கால்தெ ஈசி தம்பி. அரபில 'அல் காழி', நம்ம ஊர் காஜியார் இருக்காருல்ல, அதே வார்த்தைதான். நீதிபதின்னு இருந்தது அங்க போய் மேயர் ஆயிடுச்சு.

பில்பாவோ_அக்கா:
நான் பல்பு வாங்கின கதையையும் கேளு. ரூம்மேட் ஒருத்தி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஹைலைட்டரும் கையுமா சட்டப் புக்கை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா, என்னடின்னு கேட்டா 'ஒப்போசிசியோனெஸ்'னு சொன்னா, நான் எதிர்க்கட்சில ஏதோ பெரிய ஆள் போலன்னு நினைச்சு ரெண்டு வாரம் அவகிட்ட அரசியல் பேசவே பயந்தேன். கடைசில பார்த்தா அது கவர்மென்ட் வேலைக்கான போட்டித் தேர்வாம்! நம்ம டிஎன்பிஎஸ்சி மாதிரி. பாஸாகி போஸ்டிங் வாங்கிட்டா 'ஃபுன்சியோனாரியோ', அப்புறம் வேலையை விட்டு லேசுல அசைக்க முடியாது.

குழப்பராஜா:
ஐயோ அக்கா, நானும் எதிர்க்கட்சின்னுதான் நோட்ல எழுதி வச்சிருக்கேன், அப்ப அது தப்பா?

பில்பாவோ_அக்கா:
தப்பில்லடா, ரெண்டுமே சரி. நியூஸ்ல ஒருமைல 'ஒப்போசிசியோன்'னு வந்தா பெரும்பாலும் எதிர்க்கட்சி, லைப்ரரில 'ஒப்போசிசியோனெஸ்'னு காதுல விழுந்தா பரீட்சை.