ஹவாய்க்கு அடியில் என்ன இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு எரிமலைப் பாடம் எடுக்கிறேன். ஓர் இடத்தில் உங்கள் உதவி தேவை.

1971இல் புவி இயற்பியலாளர் ஜேசன் மார்கன் சொன்ன விளக்கம் இது: புவிக்கவசத்தின் (புவி ஓட்டுக்கும் கருவுக்கும் இடையிலுள்ள பாறை அடுக்கு) ஆழத்திலிருந்து சூடான பாறை தூண்போல மெல்ல எழுகிறது. அது அசையாது. மேலே பசிபிக் தட்டு நகர நகர, தீவுகள் வரிசையாகப் பிறக்கின்றன. மெழுகுவர்த்திச் சுடருக்கு மேல் ஒரு தாளை நகர்த்திக் காட்டினேன். கரும்புள்ளிகள் வரிசையாக விழுந்தன.

அப்புறம் ஒரு மாணவி வரைபடத்தில் விரலை ஓட்டினாள். ஹவாயிலிருந்து வடமேற்கே போன விரல், எம்பரர் கடல்மலைகள் (கடலடியில் மூழ்கிய பழைய எரிமலைகளின் வரிசை) தொடங்கும் இடத்தில் சட்டென வடக்கே திரும்பியது. "சார், இங்கே திசை மாறியது தட்டா, தூணா?"

நல்ல கேள்வி. 2003இல் ஜான் டார்டுனோ குழு அந்த மலைகளின் பாறைக் காந்தத்தை அளந்தது; பாறை எந்த அட்சரேகையில் உருவானது என்பதை அது காட்டும். அவை இன்றைய ஹவாயைவிட வடக்கே உருவானவை என்று தெரிந்தது. அப்படியானால் தூணும் நகர்ந்திருக்கிறது. ஜில்லியன் ஃபௌல்கர் போன்றோரோ ஆழத்துத் தூணே தேவையில்லை, தட்டு இழுபடும் இடத்தில் மேல்கவசத்திலிருந்தே உருகுபாறை வரலாம் என்கிறார்கள். 2015இல் ஸ்காட் ஃபிரெஞ்ச், பார்பரா ரோமனோவிச் இருவரும் நில அதிர்வலைகளை வைத்து, ஹவாய் உள்ளிட்ட பல இடங்களுக்கு அடியில் அகலமான தூண்களைப் படம்பிடித்தார்கள். எனக்கு இதுதான் வலுவான சான்றாகப் படுகிறது.

ஹவாய்ப் பாறைகளில் ஹீலியம்-3 (புவி உருவானபோதே உள்ளே சிக்கிய, ஹீலியத்தின் அரிய வகை) விகிதம் அதிகமாக இருப்பதை ஆழத்துக்கான சான்றாகச் சொல்லலாமா? அதிர்வலைப் படத்தைப் பிள்ளைகளுக்கு எப்படி எளிதாக விளக்குவது? புவி இயற்பியல் படித்தவர்கள் இரண்டு வரி எழுதினாலும் போதும். வெள்ளிக்கிழமை அந்த மாணவிக்குப் பதில் சொல்ல வேண்டும்.