புறங்கையால் தொட்டவர்: ஒரு கொத்தனாரைப் பற்றித் தெரிந்தவர்கள்

மகள்:
அப்பா போய் ஒரு மாதம் ஆகிறது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொல்லிவிட்டுப் போனார்கள், பாதி எனக்கே தெரியாதவை. மறப்பதற்குள் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். முதலில் நானே எழுதிவிடுகிறேன்.

அப்பா எங்கள் கன்னத்தை உள்ளங்கையால் தொட்டதே இல்லை. புறங்கைதான். காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான். அவர் பழக்கம் போல என்று நினைத்திருந்தேன். ஈர சிமெண்டில் காரம் அதிகம். நாள் முழுக்கக் கலவையில் கிடந்து கிடந்து விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். நான் பிறந்த புதிதில் அந்தச் சொரசொரப்பு பட்டு வீறிட்டேனாம், அன்றோடு உள்ளங்கைக்கு விடுமுறை. அம்மா இதைச் சொன்னதே என் கல்யாணத்துக்குப் பிறகுதான். கையுறை வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் போட்டார். "கை மரத்த மாதிரி இருக்கும்மா, கல்லு சரியா உக்காந்துச்சான்னு தெரியல" என்று கழற்றி வைத்துவிட்டார்.

அவரிடம் வேலை பழகியவர்:
அவருகிட்ட சித்தாளா சேர்ந்து கொத்தனார் ஆனவன் நான். ஆறு மாசம் கரணையை, அதான் கலவை பூசுற கரண்டியை, தொடவே விடலை. கல்லைத் தொட்டியில போடு, குமிழி அடங்கினதும் எடு, அவ்வளவுதான் என் வேலை. காஞ்ச கல்லு கலவையில இருக்கிற தண்ணியை உறிஞ்சிடும், அப்புறம் சிமெண்டு எதை வச்சு இறுகும்னு கேப்பாரு.

கரணை கைக்கு வந்த புதுசுல ஒருநாள் சாப்பிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள சட்டியில கலவை விறைச்சுப்போச்சு. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கும். யாரும் பாக்கலைன்னு தண்ணி ஊத்தி இளக்கி மூணு வரி கட்டிட்டேன். மேஸ்திரி வந்து இடுக்குல விரலால ஒரு அழுத்து அழுத்தினாரு. திட்டுவாருன்னு நின்னேன், திட்டலை. "பிரிடா"ன்னாரு. அவரும் பக்கத்துல குந்தி ஒவ்வொரு கல்லா சுரண்டிக் கழுவினாரு. "இளகுன மாதிரிதான் தெரியும், பிடிப்பு வராது"ன்னு மட்டும் சொன்னாரு. அன்னிக்கு எனக்கு முழுக் கூலி குடுத்தாரு. வீணான வேலைக்குத் தன் கூலியில கழிச்சுக்கிட்டாருன்னு கணக்கு எழுதறவர் சொல்லித்தான் தெரியும்.

வீடு கட்டிக்கொண்டவர்:
உண்மையைச் சொல்வதென்றால் எனக்கும் அவருக்கும் சண்டைதான் அதிகம். சொன்ன தேதிக்கு அவர் எதையும் முடித்ததில்லை. தளம் போட்டு ஐந்தாவது நாளே அதைக் கீழிருந்து தாங்கும் முட்டுகளைப் பிரித்துவிட்டு உள்வேலையை ஆரம்பிக்கச் சொன்னேன். முடியாது என்றார். வேறு ஆள் வைத்துக்கொள்கிறேன் என்று கத்தினேன். "தாராளமா வைங்க சார், முட்டு மட்டும் நான் சொல்ற அன்னிக்குப் பிரிங்க. உங்க பிள்ளைங்க கீழ படுக்கப் போறாங்க." மறுநாள் விடியற்காலை போய்ப் பார்த்தால் மாடியில் தனியாகக் குடத்தோடு நின்று தளத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். அது அவருடைய வேலை இல்லை, காவலுக்கு நான் வைத்த ஆளுடையது. காவல்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். வேறு ஆளைத் தேடும் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

மகன்:
பள்ளியில் பிதாகரஸ் தேற்றம் நடத்திய அன்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். அப்பா பேசாமல் சுவர் கட்டப் பிடிக்கும் நூல்கயிற்றை எடுத்து வந்தார். சுவர் மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே பிடித்து அளக்கச் சொன்னார். 5 அடிக்கு ஒரு விரல்கடை கூட இருந்தது. "பாத்தியா, இந்த வீட்டைக் கட்டினவன் மூலைமட்டம் சரியா பாக்கல" என்று வாடகை வீட்டுச் சுவரைத் தட்டினார். பிறகுதான் கேட்டார்: "இதுக்கு ஒரு பேரு இருக்கா?" ஒரு வாரம் தினமும் அந்தப் பெயரைக் கேட்டார். கடைசிவரை அவர் வாயில் நுழையவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்:
வேலை முடிந்து வந்தால் நேராகப் பிள்ளைகளிடம் போக மாட்டார். வெளிக்குழாயில் முழங்கைவரை தேய்த்துக் கழுவுவார், மோந்து பார்ப்பார், மறுபடி கழுவுவார். பிள்ளைகள் கதவருகே நின்று எண்ணிக்கொண்டிருக்கும்.

மகள்:
அந்த எண்ணிக்கை நினைவிருக்கிறது. மூன்று தடவைக்கு மேல் போனால் நாங்களே ஓடிப் போய்க் காலைக் கட்டிக்கொள்வோம்.

இன்னொன்று. வேலையை விட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. என் மகளைக் கொண்டுபோய் மடியில் வைத்தேன். வழக்கம்போல் புறங்கையைத்தான் நீட்டினார். "அப்பா, உங்க கை இப்ப பஞ்சு மாதிரிதான் இருக்கு, நல்லா தொடுங்க" என்றேன். உள்ளங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்தும் பார்த்தார். பிறகு புறங்கையாலேயே தடவிக் கொடுத்தார்.