புதுப்பிப்பு: கிளைடருக்கு பிரஷ்லெஸ் மோட்டார் போட்டாச்சு

ரேடியோ ரிமோட்டில் பறக்கும் என் பழைய மாடல் கிளைடரின் பிரஷ் மோட்டாரையும் 8.4 வோல்ட் நிக்கல் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரும் 3 செல் லிப்போவும் (லித்தியம் பாலிமர் பேட்டரி) போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போட்டுவிட்டேன். நேற்று காலை கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பறந்தது.

ஏறும் வேகத்தைச் சொல்லவே வேண்டாம். இறங்குவதில்தான் தகராறு. மோட்டாரை அணைத்த பிறகும் புரொப்பெல்லர் மடங்காமல் காற்றில் சுற்றிக்கொண்டே இருக்க, தென்னை மட்டை மாதிரி விழுந்தது. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கண்ட்ரோலரில், மோட்டாரைச் சுற்றவிடாமல் நிறுத்தும் பிரேக் செட்டிங்கை வைக்காததுதான் காரணம். வைத்ததும் சட்டென்று நின்று மடிந்துகொண்டது.

அடுத்தது சூடு. கண்ட்ரோலருக்குள் இருக்கும் லீனியர் பிஇசி (ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் தரும் பகுதி), 11.1 வோல்ட்டை 5 ஆக்கும்போது மிச்சத்தை வெப்பமாகத்தான் கொட்டும். இறக்கை, வால் பலகைகளை அசைக்கும் 4 சர்வோ ஓடினால் விரல் வைக்க முடியவில்லை. அவ்வளவு சூடாகாத ஸ்விட்சிங் வகை பிஇசி ஒன்று தனியாக வாங்கி, இரண்டும் சேர்ந்து மின்சாரம் தராமல் இருக்க, கண்ட்ரோலரிலிருந்து ரிசீவருக்குப் போகும் சிவப்பு ஒயரை மட்டும் கழற்றிவிட்டேன். இப்போது பயமில்லை.

அப்புறம், லிப்போ எடை குறைவு என்பதால் மூக்கு லேசாகிவிட்டது. முதுநகரில் தூண்டில் ஈயக்குண்டு வாங்கி முன்னால் ஒட்டினேன். எடையைக் குறைக்கத்தான் இத்தனை செலவு என்று வீட்டில் சொல்லியிருந்தேன்!

ரிசீவர் மட்டும் பழையதுதான். அடுத்த சம்பளத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்.